பேட்டரிக்காரி கெங்கம்மாள்

முனியனுக்கு இடது கண் போனதால்தான் கெங்கம்மாளுக்கு ஜெயவேலன் மோட்டார் சர்வீஸில் வேலை கிடைத்தது.

அது அறுபத்து மூன்றாம் வருஷம். பூந்தமல்லி டிரங்க் ரோட்டை ஒட்டி அந்தக் கம்பெனிக்குத் தகரக் கூரை போட்ட ஒரு பெரிய ஷெட் இருந்தது. மொத்தம் பதினோரு பஸ். காஞ்சிபுரத்துக்கும் திருவள்ளூருக்கும் ஆவடிக்கும் ஓடும். முனியன் அங்கே கிளீனர். ஒருநாள் காலையில் அவன் ஒரு பேட்டரியை வண்டியிலிருந்து தூக்கினான். மேல்மூடி சரியாகத் திருகியிருக்கவில்லை. ஆசிட் துள்ளி அவன் கண்ணில் அடித்தது. பத்தடி தள்ளித் தண்ணீர்த் தொட்டி இருந்தது. தண்ணீர் படக்கூடாது, தேங்காயெண்ணெய்தான் விட வேண்டும் என்று யாரோ கத்தினார்கள். நாலு பேர் எண்ணெய்க்கு ஓடினார்கள். எண்ணெய்ப் புட்டி வந்து சேர்ந்தபோது கண் வெந்து போயிருந்தது.

மானேஜர் பரந்தாமன் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார்.

"ஒத்தக் கண்ண வெச்சிகினு வண்டிங்க நடுவுல நீ ஓட முடியாது, முனியா. உன் பெஞ்சாதிய அனுப்பு. ஷெட்டப் பெருக்கட்டும்" என்றார்.

அதுவரை கெங்கம்மாள் பாரிவாக்கத்தில் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவள். வயது இருபத்தேழு. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. மறுவாரமே ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மூன்று மைல் நடந்து ஷெட்டுக்கு வந்தாள். ரோல் புத்தகத்தில் 'கெங்கம்மாள், பெருக்குபவர், தினக்கூலி' என்று எழுதிக்கொண்டார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் பெயர் எழுதியிருக்கிற இடத்தைப் பரந்தாமன் விரல் வைத்துக் காட்டினார். அவள் கைநாட்டு வைத்தாள்.

முனியன் வேலையை விட்டுப் போன பிறகு பேட்டரி பக்கம் ஒருத்தனும் போகவில்லை. கண் போன கதை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. பேட்டரியின் முனைகளில் வெள்ளையும் நீலப்பச்சையுமாக உப்பு பூத்து, ஒயரைப் பிடிக்கும் கிளாம்பையே மூடிக்கொண்டு நிற்கும். விடிகாலையில் டிரைவர் பட்டனை அமுக்குவார். வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிடும். மெக்கானிக் பால்ராஜ் வந்து கிளாம்பின் தலையில் ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டுவான். அதில் சில வண்டி கிளம்பும். கிளம்பாத வண்டியை, டிக்கெட் வாங்கின ஜனங்களே இறங்கித் தள்ளுவார்கள்.

அவன் தட்டுகிற தட்டில் உதிரும் தூள் எல்லாம் கெங்கம்மாள் பெருக்கும் தரையில்தான் விழும். காலில் பித்தவெடிப்பு இருந்தது அவளுக்கு. அந்தத் தூள் பட்டால் மிளகாய் அரைத்துத் தடவியதுபோல் எரியும். புடவைக் கரை மாசத்துக்கு ஒரு தரம் சல்லடையாகும். பேட்டரி மேல் அவளுக்கு ஆசை ஒன்றும் இருக்கவில்லை. தன் காலையும் புடவையையும் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவள் அந்த வேலையில் இறங்கினாள்.

ஒருநாள் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தரையில் சலவை சோடா கரைத்து ஊற்றினாள். தூள் விழுந்திருந்த இடம் சுர்ரென்று பொங்கியது. நுரை அடங்கினதும் மிதித்துப் பார்த்தாள். எரியவில்லை.

"இன்னா மேஸ்திரி, இது இப்பிடி பொங்குது?" என்று பால்ராஜிடம் கேட்டாள்.

"ஆசிட்டுக்கும் சோடாவுக்கும் ஆவாது. ஒண்ண ஒண்ணு தின்னுடும்" என்றான் அவன், எஞ்சினுக்குள் விட்ட தலையை எடுக்காமலே.

"அப்ப அங்க மேலயே ஊத்தினா?"

பால்ராஜ் தலையை வெளியே எடுத்தான். அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தான். "உன் ஊட்டுக்காரன் கண்ணு போனது பத்தாதா?" என்றான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாராவது செய்தால் அவனுக்கும் நல்லதுதான்.

முதல் நாள் அவள் ஸ்பானரை வைத்த வேகத்தில் அதன் மறுமுனை பஸ்ஸின் இரும்பில் பட்டு, பளீரென்று நெருப்பு பறந்தது. ஸ்பானர் கையைவிட்டுப் போய்த் தூரத்தில் விழுந்தது. பால்ராஜ் ஓடிவந்து கண்டபடி திட்டினான். திட்டுக்கு நடுவில் ஒன்று சொன்னான்: வண்டியின் பாடியில் சேர்கிற ஒயரை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். அவன் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவள் கையும் கண்ணும் கண்டுபிடித்தவை. மூடிகளில் காற்றுப் போக ஊசித் துளை இருக்கும். சோடாத் தண்ணீர் அதற்குள் போனால் பேட்டரி கெட்டுவிடும். அதனால் துளைகளில் சோப்புத் துணுக்கை அப்புவாள். வெந்நீரில் சோடா கரைத்து முனைமேல் மெதுவாக விடுவாள். பொங்குவது நிற்கும்வரை விடுவாள். பிறகு நல்ல தண்ணீர். துடைத்து, கிளாம்பின் உள்வட்டத்தை உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேய்ப்பாள். இறுக்கி மாட்டி, அதற்குமேல் கிரீஸ் தடவுவாள். கடைசியில் மறக்காமல் சோப்பைச் சுரண்டி எடுப்பாள். இடுப்பில் கோணிச்சாக்கு, தலையில் முக்காடு. முகத்தை எப்போதும் ஒரு பக்கம் திருப்பித்தான் வைத்திருப்பாள். முனியனின் கண்ணைத் தினம் பார்க்கிறவள் அல்லவா!

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வருவதற்குள் ஷெட்டில் வண்டி தள்ளுவது நின்றுபோயிற்று. விடிகாலை முதல் பஸ்ஸை எடுக்கும் டிரைவர் அய்யாசாமி, பட்டனை அமுக்கியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டால், ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "பேட்டரிக்காரி கை வெச்சா சோடை போவாது!" என்று கத்துவார். அவள் திரும்பிப் பார்க்காமல் பெருக்கிக்கொண்டிருப்பாள். முகம் மட்டும் சூடாகும்.

கூலி பெருக்குகிற கூலிதான். பேட்டரி வேலைக்கென்று தனியாக எதுவும் கிடையாது. அவளும் கேட்கவில்லை.

அறுபத்தெட்டில் ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஒரு விவகாரம் வந்தது. மற்ற வண்டிகளில் உப்பு பூக்க ஒரு மாசம் ஆகும். இதில் நாலாம் நாளே பூத்தது. உள்ளே தண்ணீரும் இரண்டு மடங்கு வேகமாகக் குறைந்தது. பால்ராஜ் பேட்டரியை மாற்றினான். புதுசும் அப்படியே செய்தது. இன்னொன்று மாற்றினான். கெங்கம்மாள் பத்து நாள் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பேட்டரி மேல தப்பு இல்ல மேஸ்திரி. வண்டி ஓடி வந்து நின்னதும் கைய வெச்சிப் பாரு, அடுப்புல வெச்ச சட்டியாட்டம் சுடுது. எங்கிருந்தோ அளவுக்கு மீறி ஏறுது. உள்ள கொதிச்சி வெளிய கக்குது."

"இனிமே டைனமோவும் நீயே பாத்துடு" என்று பால்ராஜ் சிரித்தான். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு கம்பெனி பட்டணத்திலிருந்து ஒரு எலக்ட்ரிக் மெக்கானிக்கை வரவழைத்தது. அவர் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, டைனமோவிலிருந்து சார்ஜ் அதிகம் ஏறுகிறது, கட்டுப்படுத்துகிற பெட்டியைத் திருத்த வேண்டும் என்றார். அரை மணியில் திருத்தினார். மானேஜர் பரந்தாமன் அவருக்குக் கைகொடுத்து, சோடா கலர் உடைத்துக் கொடுக்கச் சொன்னார். பால்ராஜ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் அன்றைக்கு முழுக்க அவள் இருக்கிற பக்கமே வரவில்லை.

எழுபத்திரண்டில் ஒரு பேச்சு கிளம்பியது. தனியார் பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது, கம்பெனிப் பட்டியலில் பெயர் இருக்கிறவர்களுக்கெல்லாம் அங்கேயே நிரந்தர வேலை, காக்கி உடுப்பு, பென்ஷன்கூட உண்டு என்றார்கள். ஷெட்டில் யாருக்கும் வேலை ஓடவில்லை. பரந்தாமன் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதிக்கொண்டார். கெங்கம்மாளையும் கூப்பிட்டார்.

"பேட்டரி அட்டெண்டர்னு ஒரு இடம் பட்டியல்ல கீது, கெங்கம்மா. அதை நீதான் பாத்துகினு வர்றே. எனக்குத் தெரியும்."

"ஆமா சார்."

"சரி, போ. பாத்துக்கிறேன்."

அன்று அவள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வேகமாக நடந்தாள். நடக்கும்போதே இரண்டு தரம் சிரித்துவிட்டாள். முனியனிடம் சொன்னாள். அவன் ஒற்றைக் கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாம்" என்றான். அவனுடைய தம்பி சின்னப்பையன் அடுத்த குடிசையில் இருந்தான். அவனும் அதே கம்பெனியில் கிளீனர்தான், ஆனால் தற்காலிகம். சேர்ந்து எட்டு மாசம்கூட ஆகவில்லை. மூன்று பிள்ளைகள். அவன் பெண்சாதி பொன்னம்மாள் நாலாவதைச் சுமந்துகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஐந்து வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கெங்கம்மாள் அடுப்பில் உலை வைத்திருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. சின்னப்பையன் நின்றான். புதுக் காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை. மடிப்பு இன்னும் கலையவில்லை. பொன்னம்மாள் பின்னால் நின்று சட்டையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆசீர்வாதம் பண்ணு அண்ணி" என்று காலில் விழுந்தான்.

"இன்னா வேலடா குடுத்தாங்க?" என்று கேட்டாள் கெங்கம்மாள். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் கேட்டாள்.

சின்னப்பையன் எழுந்து அண்ணனைப் பார்த்தான். முனியன் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான்.

"பேட்டரி அட்டெண்டர்" என்றான் முனியன்.

கெங்கம்மாளுக்கு முதலில் புரியவில்லை. "அது என்னுதில்ல?" என்றாள்.

"பொம்பளைக்கு அந்த வேல போட முடியாதாம். பரந்தாமன் சார் என்னயக் கூப்ட்டு அனுப்பிச்சாரு. எழுதி அனுப்பினா மேல திருப்பிடுவாங்க, இடமே பூடும், உங்க ஊட்டுல ஆம்பள யாராவது கீறானான்னு கேட்டாரு. தம்பி பேரச் சொன்னேன். அவன் எட்டு வருசமா அந்த வேல பாத்ததா எழுதி, என் கைநாட்டு வாங்கினாரு."

"யாரு எட்டு வருசம்?"

முனியன் அணைத்த பீடியை மறுபடி எடுத்துப் பற்றவைத்தான்.

"என்னய ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ ஒத்துக்க மாட்டே."

"தெரிஞ்சிகினுதான் செஞ்சியா?"

"நமக்கு இன்னா, புள்ளயா குட்டியா?" என்றான் முனியன். குரல் எழவில்லை. "அவனுக்கு நாலு உசுரு கீது. பென்சன் வந்தா நம்மளயும் பாத்துப்பான். நீ சம்பாரிச்சி யாருக்கு வெக்கப் போறே?"

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. பொன்னம்மாள் ஓடிப்போய் மூடியை எடுத்தாள். கெங்கம்மாள் இருந்த இடத்திலேயே இருந்தாள். பட்டியலில் அவள் பெயரும் இருந்ததா என்று கடைசியில் கேட்டாள். இருந்ததாம். பெருக்குபவர், தினக்கூலி. தினக்கூலிக்காரர்களை அரசாங்கம் எடுக்கவில்லை.

அவள் அழுதாள் என்று பொன்னம்மாள் பிற்பாடு தெருவில் சொல்லிக்கொண்டாள். அது பொய். கெங்கம்மாள் சோற்றை வடித்து, எல்லோருக்கும் போட்டாள். தான் சாப்பிடவில்லை.

அதற்கடுத்து அவள் செய்ததுதான் அவளுக்கே பின்னாளில் வெட்கமாக இருந்தது. சின்னப்பையன் நாலு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து வாசலில் உட்கார்ந்தான்.

"அண்ணி, எனக்கு ஸ்பானர் புடிக்கவே கை நடுங்குது. அண்ணன் கண்ணுதான் ஞாபகத்துக்கு வருது. கொஞ்ச நாளு நீ கூட வா. செட்டு அதே செட்டுதான். காலைல யாரும் கண்டுக்க மாட்டாங்க."

கெங்கம்மாள் போனாள். கொழுந்தன் மேல் இரக்கப்பட்டுப் போகவில்லை. முனியன் சொன்னதற்காகவும் போகவில்லை. வண்டிகள் நின்றுவிடுமே என்று மனசு அடித்துக்கொண்டது ஒன்று. இன்னொன்று, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை: தான் செய்கிறதை யாராவது பெரிய மனுஷர் ஒருநாள் பார்ப்பார், பார்த்தால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தாள். இரண்டு மாசம், சம்பளமில்லாமல், காலை ஐந்து மணிக்குப் போய், சின்னப்பையனுடைய பதினோரு பேட்டரிகளையும் முறைவைத்துப் பார்த்துவிட்டு எட்டு மணிக்குத் திரும்பினாள். சின்னப்பையன் பக்கத்தில் நின்று தண்ணீர் எடுத்துக் கொடுப்பான்.

அவள் நினைத்தபடியே ஒருநாள் ஒரு இன்ஜினியர் வந்தார். கண்ணாடி போட்டவர், சின்ன வயசுதான். வரிசையாக வண்டிகளின் பேட்டரிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மூன்று வண்டி பார்த்ததும் குனிந்து, கிளாம்பை விரலால் தொட்டார்.

"வேற எந்த டிப்போவுலயும் இவ்வளவு சுத்தமா நான் பாக்கலை. யாரு பாக்கறது இதை?"

கெங்கம்மாள் வெந்நீர்த் தகரத்தோடு ஐந்தடி தள்ளி நின்றாள். பால்ராஜ் இருந்தான். அய்யாசாமி இருந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"நான்தான் சார்" என்றான் சின்னப்பையன்.

"நல்லா செய்றப்பா. இந்தம்மா யாரு?"

"தண்ணி எடுத்தாற வந்தாங்க சார். எங்க ஊட்டு ஆளுதான்."

"வெளியாளுங்களை உள்ள விடக்கூடாது. ஏதாவது அடிபட்டா யாரு பதில் சொல்றது?" என்று இன்ஜினியர் வாட்ச்மேனைப் பார்த்துச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நியாயமாகத்தான் சொன்னார். கெங்கம்மாள் தகரத்தைக் கீழே வைத்தாள். இடுப்புச் சாக்கை அவிழ்த்து அதன்மேல் போட்டாள். கேட்டை நோக்கி நடந்தாள். அய்யாசாமி அவள் பின்னால் சிறிது தூரம் வந்தார்.

"நான் சொல்லியிருக்கணும், கெங்கம்மா. ரிட்டயர் ஆவ ரெண்டு வருசந்தான் கீது. அதான்..." என்றார்.

"போ அண்ணாத்தே, வண்டி எடுக்க நேரமாயிடுச்சி" என்றாள் அவள்.

ஆறு வாரத்தில் பேட்டரிகள் பூக்கத் தொடங்கின. அது ஐப்பசி மாசம், விடாத மழை. ஒரே காலையில் மூன்று பஸ் கிளம்பவில்லை. காஞ்சிபுரம் போகிற ஜனங்கள் மழையில் இறங்கித் தள்ளினார்கள். சின்னப்பையனுக்கு மெமோ வந்தது. அன்று சாயங்காலம் அவன், முனியன், பொன்னம்மாள் மூவரும் வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்கள். பொன்னம்மாள் மடியில் கைக்குழந்தை.

"எப்பிடிப் பண்ணணும்னு சொல்லு அண்ணி. சோடா எவ்ளோ போடணும், எத மொதல்ல கழட்டணும், எல்லாம் சொல்லு. ஸ்பானரு புடிச்சா நெருப்பு பறக்குது" என்றான் சின்னப்பையன்.

"எனக்குத் தெரியாது" என்றாள் கெங்கம்மாள்.

"இன்னா அண்ணி!"

"நான் பெருக்கறவ. பேப்பர்ல அப்பிடித்தான எழுதிக்கீது? எட்டு வருசம் வேல பாத்தவன் நீ. உனக்குத் தெரியாதது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அவன் புள்ளைங்க மூஞ்சப் பாருமே" என்றான் முனியன்.

அவள் பார்த்தாள். கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்தக் குழந்தைமேல் கோபம் இல்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள். போகும்போது பொன்னம்மாள், "வயித்துல ஒண்ணப் பெத்திருந்தா இப்பிடிப் பேச வாய் வருமா?" என்று வாசலில் நின்று கேட்டாள். முனியன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். தம்பி பெண்சாதியை அவன் அதட்டவில்லை. அன்றோடு கெங்கம்மாள் அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை.

சின்னப்பையனின் வேலை போய்விடும், தன் அருமை அப்போது தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நிரந்தர வேலைக்காரனை அவ்வளவு சுலபமாக நீக்க முடியாதாம். அவனை டயர் பகுதிக்கு மாற்றினார்கள். அதே சம்பளம், அதே காக்கி. பேட்டரிக்குத் தொழிற்பயிற்சி முடித்த ஒருவனை ஆவடிப் பக்கத்திலிருந்து புதிதாகப் போட்டார்கள். அவன் கையுறை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறான் என்று பால்ராஜ் ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னான். அவன் நன்றாகவே செய்கிறானாம். வண்டிகள் எல்லாம் ஓடுகின்றன.

"நல்லது" என்றாள் கெங்கம்மாள். அன்று இரண்டு தெரு தாண்டின பிறகுதான், வாங்க வந்த உப்பை வாங்காமலே வந்துவிட்டது தெரிந்தது.

முனியன் எழுபத்தாறில் மார்ச்சளியில் கிடந்து செத்தான். கடைசி நாட்களில், "ஏதாவது பேசுமே" என்று அவன் இரண்டு மூன்று தரம் கேட்டான். அவளுக்கும் பேசலாம் என்றுதான் இருந்தது. நாலு வருஷமாகப் பேசாத வாய்க்கு, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சின்னப்பையன் வந்து கொள்ளி போட்டான். டிப்போவிலிருந்து ஆறேழு பேர் காக்கி உடுப்பில் மாலையோடு வந்தார்கள். தெருவே எழுந்து நின்று பார்த்தது.

அதற்குப் பின் அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் கழுவப் போனாள். கொரட்டூரில் ஒரு அறையைப் பிடித்துக்கொண்டு தனியாக இருந்தாள். கேண்டீனில் அவளோடு தாயம்மாள், ராஜம்மா என்று இரண்டு பேர். ஒருநாள் பத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே தாயம்மாள் அவள் விரல்களைப் பார்த்தாள். நுனிகள் வெந்து, தோல் தடித்து, நகங்கள் நெளிந்திருந்தன.

"இன்னாக்கா கையி இப்பிடிக் கீது? முன்ன இன்னா வேல பாத்தே?"

"பூந்தமல்லில பஸ்ஸு கம்பெனி. பதினோரு வண்டிக்கு பேட்டரி பாத்தேன்."

தாயம்மாள் ராஜம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அக்காவுக்கு இன்னிக்கு நல்லா ஏறிக்கீது. அப்பிடியே பஸ்ஸும் ஓட்டினியா?" என்றாள் ராஜம்மா, கண்ணில் வந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு.

கெங்கம்மாள் அவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். ஒன்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவளும் சிரித்தாள். சாம்பார் அண்டாவைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடிப்பிடித்திருந்த இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.